தலைமடையின் திறவுகோல்

நெல் விளையும் ஊரில் நீரின் நீதி யாது என்று கேட்டால், நூல் கற்காத விவசாயியும் விடை கூறுவான். கடைமடை வயலுக்குரியவன் எத்துணை ஆழ உழுதாலும், எத்துணை நேர்த்தியாக வரம்பு கட்டினாலும், தலைமடையில் நிற்பவன் கதவைத் திறவாவிடின் அவனது உழைப்பு வெயிலிற் காயும். கிளிவெட்டி, பாலத்தடிச்சேனை, மேன்காமம், தோப்பூர் எனத் தொடரும் வயற்பரப்பில் வட்டவிதானைக்கு இருந்துவந்த மரியாதை இவ்வுண்மையிலிருந்தே பிறந்தது. மறந்திருந்தவர்களுக்கு 2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதனை நினைவூட்டிற்று. மாவிலாற்று அணைக்கட்டின் கதவை விடுதலைப் புலிகள் மூடினர். அதனைத் திறப்பதற்கென்று அரசு படை நடத்திற்று. ஆகஸ்ட் மாதத்தில் நீர் மீண்டும் ஓடியபோது, மூதூர்ப் பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகப் பல்லாயிரவர் தத்தம் ஊர்களில் இல்லை. ஒரு கதவு, அதன் திறவுகோல் யார் கையில் என்ற ஒரே கேள்வி.

இக்கேள்வியை ஒரு மடிக்கணினியை முன்வைத்துக் கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இன்று ஆசிரியரின் பாடக்குறிப்பு, மாணவனின் விண்ணப்பம், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, காணாமற்போன மகனுக்காகத் தாய் அனுப்பும் மனு ஆகிய யாவும் அந்தச் சிறு பெட்டிக்குள்ளேதான் உருப்பெறுகின்றன. அப்பெட்டிக்கும் தலைமடை ஒன்று உண்டு. அதன் திறவுகோல் விலைகொடுத்து வாங்கியவனிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. உலகின் சில மூலைகளில் இருக்கும் சிறு வணிகர் சிலர், அத்திறவுகோலை வாங்குபவன் கையிலேயே ஒப்படைக்கிறோம் என்று கூறி மடிக்கணினி விற்கின்றனர். கட்டற்ற மென்பொருளும், திறந்த மூல நிரலாலான தொடக்க நிலைபொருளும் கொண்ட கணினிகள் அவை. உங்கள் அந்தரங்கத்தை மதிப்பவை என்பது அவற்றுக்குரிய விளம்பரம். அந்தரங்கம் ஓர் உரிமையாயின் அதனை விலைக்கு விற்பது எங்ஙனம் தகும்? விற்பது தகுமாயின், வாங்க வகையற்றவனுக்கு அது உரிமை அன்றோ?

விடை தேடுமுன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும். கணினியின் பொத்தானை அழுத்தியதும் நாம் அறிந்த விண்டோஸோ லினக்ஸோ முதலில் விழிப்பதில்லை. தாய்ப்பலகையில் விரல்நகத்தளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதனுள் எழுதப்பட்டுள்ள நிரலே முதலில் எழுந்து, நினைவகத்தை ஆயத்தஞ் செய்து, விசைப்பலகையையும் வட்டையும் தட்டி எழுப்பி, பின்னரே இயங்குதளத்தை உள்ளே அழைக்கிறது. இதுவே நிலைபொருள்; பயோஸ் என்பது அதற்கு வழங்கிய பழைய பெயர். இயங்குதளம் எவ்வளவு நேர்மையானதாயினும் இந்த வாயில்காப்பானைத் தாண்டியே வரவேண்டும். அவன் காட்டும் உலகத்தையே காணவேண்டும். பெரும்பாலான கணினிகளில் இந்நிரலின் மூலத்தை, அதனை ஆக்கிய நிறுவனத்தார் தவிரப் பிறர் எவரும் படிக்க இயலாது. படிக்க இயலாததைத் திருத்தவும் இயலாது. சந்தேகிக்கலாம், அவ்வளவுதான்.

இதற்கும் கீழே ஓர் அறை உண்டு. 2008-க்குப் பின் வந்த இன்டெல் கணினிகள் ஏறத்தாழ அனைத்திலும் ‘மேனேஜ்மென்ட் எஞ்சின்’ எனப்படும் தனியொரு சிறு கணினி பெரிய கணினிக்குள் புதைந்திருக்கிறது. பெரியது உறங்கும்போதும், மின்சாரம் இணைந்திருக்கும் வரையில், சிறியது விழித்திருக்க வல்லது. நினைவகத்தை எட்டிப் பார்க்கவும் வலையமைப்போடு பேசவும் அதற்கு வழியுண்டு. அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரிப்பதற்கென்றே இவ்வேற்பாடு என்பது நிறுவனத்தாரின் விளக்கம். அந்த விளக்கத்தைப் பொய்யென்று நான் கூறவில்லை. ஆயின் 2017 மே மாதத்தில் வெளிவந்த செய்தி, அத்தொலைப் பராமரிப்பு வசதியின் கதவைக் கடவுச்சொல்லுக்குப் பதில் வெறுமையை அனுப்பியே திறக்க முடிந்தது என்பதாகும். அக்குறை பல ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. உள்ளே சென்று பார்க்கும் உரிமை ஊராருக்கு இருந்திருப்பின் அது அத்தனை காலம் கிடந்திராது என்று நினைப்பதற்கு நியாயமிருக்கிறது.

அதே ஆண்டில் வேறிரு செய்திகளும் வெளிப்பட்டன. முதலாவது ஆசிரியர்களுக்குரியது. அச்சிறு கணினியின் அண்மைக்கால வடிவங்கள் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மேல் எழுப்பப்பட்டிருந்தன. மினிக்ஸ், நெதர்லாந்தின் பேராசிரியர் ஆண்ட்ரூ டனென்பாம் 1987-இல் மாணவர்க்குக் கற்பிப்பதற்கென்று எழுதிய இயங்குதளம். வரிக்கு வரி படித்து விளங்கிக்கொள்ளட்டும் என்று பாடநூலோடு சேர்த்து வழங்கப்பட்டது. பின்னர் அதற்கு அளிக்கப்பட்ட உரிமத்தின்படி எவரும் எடுத்து மாற்றலாம். மாற்றியதை ஒளித்தும் வைக்கலாம். அவ்வாறே நடந்தது. வகுப்பறைக்கென்று திறந்து எழுதப்பட்ட நூல், எவரும் படிக்க முடியாத சிறு அறைக்குள் பூட்டி உலகெங்கும் விற்கப்பட்டது. தமக்கு ஒரு வார்த்தை தெரிவித்திருக்கலாம் என்ற அளவில் பேராசிரியர் இன்டெலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவரது பெருந்தன்மையைப் பாராட்டலாம். எனினும், ஊர்ப் பொதுக்குளத்திலிருந்து வாய்க்கால் வெட்டியவன் அதற்குத் தன் வேலியைப் போட்டபின், சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாம் என்று மட்டும் கூறி அமைவது நமக்குப் போதாது.

இரண்டாவது செய்தி அரசியல் பயில்வோருக்குரியது. அச்சிறு கணினியை முடக்கிவிடும் ஒரு விசை அதனுள்ளேயே மறைந்திருந்ததை 2017 ஆகஸ்டில் ஆய்வாளர் சிலர் கண்டுபிடித்தனர். அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு உதவும் உற்பத்தியாளர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கவே அது வைக்கப்பட்டது என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. உலகத்தின் உரையாடல்களைச் சேகரிப்பதாக 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தினாரே, அந்த அரசே தன் கணினிகளில் மட்டும் இந்தக் கதவை அடைத்துக்கொள்ள வழிதேடிற்று. பிறருக்கு அவ்விசை இருப்பதே அறிவிக்கப்படவில்லை. அந்தரங்கம் தேவையற்ற ஆடம்பரம் என்று கூறுவோர் இச்செய்தியில் சற்றுத் தரித்துச் செல்வது நலம்.

அப்படிக் கூறுவோர் நம்மிடையேயும் உளர். உண்மையில், நம்மிடையேதான் மிகுதியாக உளர். அந்தரங்கம் என்பது பூர்ஷ்வாக் கருத்து. தனியறையும் பூட்டிய மேசையும் உடையவனின் கவலை. ஒரே அறையில் எட்டுப்பேர் உறங்கும் குடும்பத்துக்கு அது என்ன பொருள் தரும் என்று கேட்பர். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் அஞ்ச வேண்டியதில்லை என்பர் வேறு சிலர். முதற் கூற்று இடதுசாரி மொழியில் வருவது. இரண்டாவது பொலிஸ் நிலையத்து மொழியில் வருவது. இரண்டும் ஒரே இடத்தில் முடிவதைக் கண்டு முன்னையோர் சிறிது சங்கடப்பட வேண்டும்.

இவ்விவாதத்தை ஐரோப்பிய நூல்களைக் கொண்டு தீர்க்க வேண்டியதில்லை. இத்தீவின் வரலாறே போதும். 1983 ஜூலையில் கொழும்பின் தெருக்களில் இறங்கிய கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த வீடு தமிழருடையது, எந்தக் கடை தமிழருடையது என்பதை அவற்றைப் பார்த்தே அறிந்தனர். அக்காலத்தைப் பற்றி எழுதிய பலரும் இதனைப் பதிவுசெய்துள்ளனர். வாக்காளர் பட்டியல் யாது? சனநாயகம் தன் குடிமக்களை எண்ணிக்கொண்ட ஏடு. அதில் பெயர் பதிந்தவன் எவனும் ஒளிக்கத்தக்க எதையும் செய்திருக்கவில்லை; வாக்களிக்கப் பெயர் கொடுத்தான், அவ்வளவே. ஏடு கைமாறியதும் அதன் பொருள் மாறிற்று. 2007 ஜூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அது நின்றது. 2008-இல் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தோர் பொலிஸ் பதிவுக்கு அழைக்கப்பட்டனர். பெயர், பிறந்த இடம், வந்த காரணம், தங்கும் விலாசம். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சாதாரண விபரம். ஒன்றாகத் தொகுத்தால் விலங்கு.

கிளிவெட்டிக்கு இது தொலைவூர்ச் செய்தி அன்று. 2006-இல் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர், மட்டக்களப்புக்குச் சென்று மீண்டபின், கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அவர்களது காணி கைத்தொழில் வலயமென்றும் கடற்படைத் தளமென்றும் அனல்மின் நிலையமென்றும் எழுதப்பட்டது. 2015-இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் கடற்படையிடமிருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்படும் வரையில், முகாம் வாழ்க்கையே பல பிள்ளைகளுக்குத் தெரிந்த வாழ்க்கை. முகாமில் மனிதன் முதலில் ஒரு பதிவாகவே இருக்கிறான். நிவாரணம் பெற ஒரு பட்டியல், வெளியே சென்று வர ஒரு பட்டியல், காணி உரிமை கோர ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாதவனுக்கு அரிசி இல்லை. பட்டியலில் இருப்பவனுக்கோ அதை வேறு யார் பார்க்கின்றனர் என்று கேட்கும் உரிமை இல்லை. அந்தரங்கம் ஏழைக்குத் தேவையில்லை என்பவர், எட்டுப்பேர் உறங்கும் அந்த அறைக்குள் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொள்ளாத செய்தியை, அறைக்கு வெளியே நிற்பவனிடம் ஏன் எட்டுப்பேரும் மறைத்தனர் என்பதைச் சிந்திக்கவில்லை. அந்தரங்கம் தனிமனிதன் சமூகத்திடமிருந்து ஒளிந்துகொள்ளும் அறை என்பது ஒரு வர்க்கத்தின் அனுபவம். பலங்குறைந்தோர் கூடிநின்று பலமுடையோரிடமிருந்து காத்துக்கொள்ளும் வேலி அது என்பது மற்றொரு வர்க்கத்தின் அனுபவம். பின்னையதற்குக் கோட்பாட்டு நூல்கள் குறைவு.

எனவே கணினியின் தலைமடை பற்றிய கவலை இறக்குமதிச் சரக்கன்று. ஏடுகள் யாவும் கணினிக்குள் குடிபுகுந்துவிட்ட காலம் இது. இந்தியாவின் உதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமொன்றுக்கு 2022-இல் உடன்பாடு செய்யப்பட்டது. அதே ஆண்டில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 9-ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறிற்று. சட்டம் வேண்டியதுதான். ஆயின் எந்தக் கதவைப் பற்றிச் சட்டம் பேசுகிறதோ, அக்கதவு எங்கே இருக்கிறதென்பதே குடிமகனுக்கும் நீதிபதிக்கும் காட்டப்படாதிருப்பின், சட்டம் காகிதத்திலேயே காவல்நிற்கும்.

இனி, திறவுகோலை விற்போரின் கதைக்கு வருவோம். இக்கதையின் வேர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கரிடம் இருக்கிறது. தம் ஆய்வுக்கூடத்து அச்சுப்பொறி அடிக்கடி சிக்கிக்கொண்டபோது, அதனைத் திருத்த வேண்டிய மூல நிரல் தமக்கு மறுக்கப்பட்டதை அவர் அநீதியாகக் கண்டார். 1983 செப்டம்பர் 27-ஆம் நாள் க்னூ என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். நமக்கு ஜூலையின் புகை அடங்காத நாட்கள் அவை. வேறொரு கண்டத்தில் நடந்த இவ்வறிவிப்புக்கும் நமக்கும் தொடர்புண்டென்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது. இயக்குதல், படித்துத் திருத்துதல், பகிர்தல், திருத்தியதையும் பகிர்தல் ஆகிய நான்கு சுதந்திரங்களை அவர் வகுத்தார். மினிக்ஸுக்கு நேர்ந்தது நேராதபடி, எடுத்து மாற்றுபவன் மாற்றிய மூலத்தையும் பிறருக்குத் தரவேண்டும் என்று உரிமத்திலேயே எழுதிவைத்தது அவரது பெருங்கொடை. விற்பனையை அவர் ஒருபோதும் விலக்கவில்லை. ஈமாக்ஸ் என்னும் தம் மென்பொருளை நாடாவில் பதிந்து 1985 அளவில் 150 டொலருக்கு அவரே விற்றார். வாங்கியவன் அதைப் படியெடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். விலை உழைப்புக்கு, பூட்டுக்கு அன்று.

தொடக்க நிலைபொருளின் விடுதலை அதற்குப் பின் வந்தது. வந்த இடம் விசித்திரமானது. 1945-இல் அணுகுண்டு செய்த லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில், 1999-இல், ரொன் மின்னிக் என்பவர் லினக்ஸ்பயோஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் கணினிகளை அடுக்கிக் கணக்குப் போடுவோருக்கு, ஒவ்வொரு கணினியின் பயோஸும் பிடிவாதம் பிடிப்பது பெருந்தொல்லை. திருத்தலாமென்றால் மூலம் இல்லை. தேவையே விடுதலையின் தாயாயிற்று. 2008-இல் அது கோர்பூட் என்று பெயர் மாறிற்று. எஞ்சிய மூடிய துண்டுகளையும் நீக்கும் நோக்கில் லிப்ரபூட் 2013-இல் பிறந்தது. அதனைத் தொடங்கிய லியா ரோ என்பவர் இங்கிலாந்தில் பழைய திங்க்பேட் எக்ஸ் 60 மடிக்கணினிகளில் அந்நிலைபொருளை ஏற்றி விற்றார். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, பயனரின் சுதந்திரத்தை மதிப்பது என்னும் சான்றை ஒரு மடிக்கணினிக்கு முதன்முதலாக வழங்கியது அவ்வாண்டு டிசம்பரில், அப்பழைய பெட்டிக்குத்தான். அமெரிக்காவில் 2014-இல் தோன்றிய பியூரிசம், புதிய கணினிகளையே இவ்வழியில் செய்ய முற்பட்டது. நமக்கு அருகே, பெங்களூரில், மோஸ்ட்லி ஹார்ம்லெஸ் என்னும் சிறு நிறுவனம் பழைய திங்க்பேடுகளைப் புதுக்கி, ‘விடுவிக்கப்பட்ட கணினி’ என்று பெயரிட்டு விற்கத் தொடங்கிற்று.

இவர்கள் விற்பது யாது? அந்தரங்கத்தையா? இங்கேதான் விளம்பரத்தின் மொழியைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். கூகுளின் குரோம்புக் கணினிகள் கோர்பூட்டைக் கொண்டே துயிலெழுகின்றன. அதாவது, திறந்த மூலத் தொடக்க நிலைபொருள் கொண்ட கணினிகளை உலகில் மிகுதியாகப் பரப்பிய நிறுவனங்களுள் ஒன்று, மனிதரின் தேடல்களையும் நாட்டங்களையும் விளம்பரச் சந்தைக்கு ஏற்றி வாழும் நிறுவனமேயாம். தலைமடை திறந்திருந்தும் வாய்க்கால் அவர்கள் களஞ்சியத்துக்கே ஓடுகிறது. ஆகவே திறந்த நிலைபொருள் தானாகவே அந்தரங்கத்தைத் தந்துவிடாது. அது தருவது ஒன்றே: என் கணினி என்ன செய்கிறதென்பதை, நானோ என் சார்பில் அறிந்தவர் ஒருவரோ படித்துப் பார்க்கவும் மாற்றவும் முடியும் என்ற நிலை.

பியூரிசத்தார் தம் கணினிகளில் இன்டெலின் அச்சிறு கணினியை 2017-இல் முடக்கினர். முற்றாக அகற்றவில்லை, அகற்றவும் இயலாது. புதிய செயலிகளில் அதன் ஒரு பகுதியேனும் இல்லாவிடின் கணினி எழுந்து நிற்க மறுக்கும். 2008-ஆம் ஆண்டு எக்ஸ் 200 போன்ற பழைய வகைகளிலேயே அதனைத் துடைத்தெறிய முடிகிறது. இதனை வெளிப்படையாகக் கூறும் வணிகன் அறவழியில் நிற்கிறான். முழுச் சுதந்திரம் என்று எழுதி, நுண்ணெழுத்தில் விதிவிலக்குப் போடுபவன் பழைய சந்தையின் பழைய மனிதனே. நல்ல நோக்கம் கொண்டோரும் இச்சந்தையில் தடுமாறுவர். பியூரிசம் 2017-இல் ஒரு கைத்தொலைபேசிக்காக மக்களிடம் முன்பணம் திரட்டிற்று; 2019 தொடக்கத்தில் தருவதாகச் சொன்ன பொருள் பெருந்தொகையாக வெளிவர 2020-இன் இறுதியாயிற்று. சமூக நோக்கம் என்று சாசனத்தில் எழுதிக்கொண்ட கொம்பனியும் கொம்பனிதான்.

விலை பற்றிய கேள்வி இன்னும் கூரியது. பியூரிசத்தின் மடிக்கணினி ஆயிரம் டொலருக்கு மேற்பட்டது. 2022-இன் நெருக்கடியில் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறிய டொலரில் அதனைக் கணக்கிட்டால், இங்குள்ள ஓர் ஆசிரியரின் பல மாத ஊதியம். மறுபுறத்தில், மலிவான கைபேசிகளும் இலவசச் செயலிகளும் கிராமத்தின் கடைசி வீடு வரை வந்துவிட்டன. அவற்றின் விலையில் ஒரு பகுதியைப் பணமாகவும் மறுபகுதியைத் தன்னைப் பற்றிய செய்தியாகவும் ஏழை செலுத்துகிறான். 2015-இல் வெளிப்பட்ட லெனோவோ விவகாரம் ஒன்று போதும்: விற்கும்போதே உள்ளே வைக்கப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள், வங்கியோடு நடக்கும் மறையாக்கப்பட்ட உரையாடலையும் இடைமறிக்கத்தக்கதாய் இருந்தது. அது நுழைந்திருந்தவை பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பயனருக்கான மலிவு வகைகள். அதே நிறுவனத்தின் விலையுயர்ந்த திங்க்பேடுகளில் அது இல்லை. மௌனம் செல்வனுக்கு விற்கப்படுகிறது. கண்காணிப்பு ஏழைக்குத் தள்ளுபடியாக வழங்கப்படுகிறது. இந்நிலையில் அந்தரங்கத்தைத் தனிச்சரக்காக்கி விற்பது, உரிமையைச் சலுகையாக மாற்றுகிறது என்ற குற்றச்சாட்டு வெறும் சொல்லலங்காரம் அன்று.

ஆயினும் அக்குற்றச்சாட்டு விற்பவனின் மேல் முழுதாக விழுகிறதா என்பதில் எனக்கு ஐயமுண்டு. குடிநீர் நஞ்சான ஊரில் கிணறு வெட்டி நீர் விற்பவனைக் குறைகூறுமுன், அவன் கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பினானா என்று பார்க்க வேண்டும். கோர்பூட்டும் லிப்ரபூட்டும் மதிலற்ற கிணறுகள். லியா ரோ விற்ற கணினியில் இருந்த அதே நிரலை எவரும் காசின்றி எடுத்துத் தம் பழைய கணினியில் ஏற்றலாம். எவ்வாறு ஏற்றுவது என்ற கைந்நூலும் உடன் கிடைக்கிறது. விற்பனையால் கிட்டிய பணமே அந்நிரலை எழுதும் உழைப்புக்கு உணவிட்டது. சாதாரணச் சரக்கில் ஒருவன் வாங்கினால் மற்றவனுக்கு இல்லை. இங்கோ ஒருவன் வாங்கும்போது, வாங்காதவனுக்குரிய நிரலும் செழிக்கிறது. உரிமையை விற்பதற்கும், உரிமைக்காக உழைத்த கூலியைப் பெறுவதற்கும் இடையே உள்ள கோடு இதுவே என்று நான் கருதுகிறேன். கைந்நூலை மறைக்கும் நாளில் அவ்வணிகன் அக்கோட்டைத் தாண்டுகிறான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முழுமையாக விடுவிக்கத்தக்கவை பதினைந்து, இருபது ஆண்டுப் பழைமையான கணினிகள். செல்வன் வாங்கும் புதுக்கணினியே இறுகப் பூட்டப்பட்டது. அலுவலகங்கள் கழித்துவிட, மூன்றாங் கைக்கு வரும் பழைய திங்க்பேடோ திறக்கத்தக்கது. வறுமை தரும் அபூர்வமான அனுகூலங்களுள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயின் அதிலேயே திருப்தியுற்று அமர்வது அறியாமை. பழைய இரும்பு தீர்ந்துபோகும். பின்வரும் சில்லுகளின் கதவுகளைத் திறக்கச் சொல்லும் வலிமை தனி வாடிக்கையாளனுக்கு இல்லை. பல்லாயிரம் கணினிகளை ஒரே உத்தரவில் வாங்கும் அரசுக்கும் கல்வித் திணைக்களத்துக்குமே உண்டு.

அரசுகள் அவ்வலிமையை எவ்வாறு பயன்படுத்தின? கேரளத்தில், 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடக்கிவைத்தார். அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி அதன்பின் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிற்று. அங்கு தீர்மானகரமானது மென்பொருளின் தரம் மட்டுமன்று. ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, தேர்வும் அதிலேயே நடந்தது, ஆசிரியர் சங்கங்கள் அதற்காக வாதாடின. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் சேர்த்தே வழங்கப்பட்டது. ஆயின் பாடத்திட்டமும் பயிற்சியும் அதனோடு கைகோக்காத இடத்தில், அது பெட்டிக்குள் இருந்தும் இல்லாததாயிற்று. மூடியின் மேல் முதலமைச்சரின் படம் ஒட்டுவதில் காட்டிய சிரத்தையில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சியில் காட்டியிருக்கலாம். இரு மாநிலங்களும் தொடக்க நிலைபொருளைத் திறக்குமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் எதுவும் இல்லை என்று கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை திருகோணமலை முதல் காலி வரை கரையை அழித்தபோது, இந்நாட்டு மென்பொருளாளர் பலர் தாமாகவே கூடிச் சகானாவை எழுதினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைக் கணக்கில் வைத்திருக்கும் மென்பொருள் அது. அவர்கள் அதனைப் பூட்டவில்லை. கட்டற்ற மென்பொருளாக உலகுக்கு வழங்கினர். 2005-இல் பாகிஸ்தானின் பூகம்பத்துக்கும் அது உதவிற்று. 2006-ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது. இங்கும் நம் வினா தலைதூக்குகிறது. சகானாவும் பட்டியல்தான். அகதியின் பெயர் எழுதும் ஏடுதான். ஆயின் அந்த ஏடு எவ்வாறு எழுதப்படுகிறது, எதைக் கேட்கிறது, யாருக்குக் காட்டுகிறது என்பதை எவரும் திறந்து படிக்கலாம். தேவையற்ற கேள்வியை நீக்கு என்று வாதாடலாம். பட்டியலே தீமை என்பது என் வாதமன்று. பட்டியலில் இல்லாதவனுக்கு அரிசி இல்லை என்பதை அறிந்தோம். எழுதப்படுபவன் எழுதும் கருவியைக் கேள்வி கேட்கக்கூடுமா என்பதிலேயே இரு ஏடுகளும் வேறுபடுகின்றன.

மொழியும் இதே நியாயத்துக்குட்பட்டது. மூடிய மென்பொருளில் தமிழ் இருக்குமா, இருப்பின் எந்தத் தரத்தில் இருக்கும் என்பதை விற்பனை இலாகா முடிவு செய்கிறது. கட்டற்ற மென்பொருளில் தமிழரே முடிவு செய்தனர். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் மேசைத்தளங்களையும் செயலிகளையும் தமிழாக்கினர். 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகமும் கட்டற்ற மென்பொருளின் மேலேயே எழுந்தது. 1981-இல் யாழ்ப்பாணத்தில் ஒரே கூரையின் கீழ் வைத்த ஏடுகளுக்கு நேர்ந்ததை அறிந்த சமூகம், படியெடுக்கும் உரிமையின் அருமையை யாரிடமும் பாடங்கேட்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் கிளிவெட்டி மகா வித்தியாலயத்தைப் போன்ற ஒரு பாடசாலையின் ஆசிரியர் என்ன செய்வது? ஆயிரம் டொலர்க் கணினியை வாங்குமாறு அவரிடம் கூறுவது கேலி. வலயக் கல்வி அலுவலகம் அடுத்த முறை கணினி கொள்வனவு செய்யும்போது, தொடக்க நிலைபொருளின் மூலத்தைக் கோரும் ஒரு வாசகத்தைக் கேள்விப்பத்திரத்தில் சேர்க்குமாறு ஆசிரியர் சங்கத்தின் மூலம் எழுதலாம். முதன்முறை மறுக்கப்படும், அது எதிர்பார்க்கத்தக்கதே. மாணவருக்குக் கட்டற்ற இயங்குதளத்தில் பயிற்சி கொடுக்கலாம். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். மூன்றாவது வேலை இளைஞருக்குரியது. மூதூரிலும் திருகோணமலையிலும் கைபேசித் திரை மாற்றும் பையன்களின் கைகளில் இதற்கு வேண்டிய நுட்பம் ஏற்கனவே இருக்கிறது. வேண்டிய கருவி, சில டொலர் பெறுமதியான ஓர் எழுதுகருவியும் ஒரு கவ்வியும். பழைய நிரலை முதலில் இருமுறை படியெடுத்து, இரண்டும் ஒன்றாயிருப்பதைச் சரிபார்த்த பின்னரே புதியதை எழுத வேண்டும். அவசரப்பட்டால் கணினி வெறும் பலகையாகிவிடும். எக்ஸ் 200 வகையில் விசைப்பலகையையும் அதன் முன்னுள்ள உள்ளங்கைப் பலகையையும் கழற்றினால் சில்லு கண்ணுக்குத் தெரியும். சிலவற்றில் அதற்கு எட்டுக் கால்கள், சிலவற்றில் பதினாறு. எண்ணிப் பார்த்துவிட்டே கவ்வி வாங்குதல் வேண்டும்.